கால் முளைத்த மூக்கு

கேள்வி:

மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, எங்கள் வீட்டில் ஒன்றரை வயது ஆண் பீகிள் இருக்கிறான். பெயர் பீமன். இரண்டு மாதக் குட்டியாக வந்தவன். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடியில். காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம் என் கணவர் அவனை ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப் போகிறார். மொட்டை மாடியில் என் மகள் அரை மணி நேரம் பந்து வீசுகிறாள். இவ்வளவுக்குப் பிறகும் அவன் அடங்குவதில்லை, நாங்கள்தான் களைத்துப் போகிறோம்.

பகலில் மாமனாரும் வெளியே போயிருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊளையிடுகிறான் என்று கீழ்வீட்டுக்காரர்கள் புகார் சொல்கிறார்கள். சோபாவின் ஒரு கை போய்விட்டது. குப்பைத் தொட்டியை எங்கே வைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறான். போன மாதம் மைதானத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டோம். தரையை முகர்ந்தபடியே ஓடினான், எவ்வளவு கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தான். இத்தனைக்கும் வீட்டில் "உட்கார்" என்றால் உடனே உட்காருகிறவன். எடை 15 கிலோ.

தோட்டம் உள்ள வீட்டில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் மாமனார். குரைத்தால் ஷாக் அடிக்கும் பட்டை வாங்கலாமா, கருத்தடை செய்தால் அடங்குவானா என்று கேட்கிறார் கணவர். இந்தப் பேச்சு வந்தாலே என் மகள் அழுகிறாள். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பீமன் என்று பெயர் வைத்துவிட்டு, எந்நேரமும் தின்பதற்குத் தேடுகிறான் என்று வருத்தப்படலாமா? சரி, அது கிடக்கட்டும். உங்கள் கடிதத்தில் எடையைத் தவிர எதுவும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஊளை, குப்பைத் தொட்டி, கூப்பிட்டால் காது கேளாதவன் போல ஓடுவது, இவையெல்லாம் ஒரு பீகிள் பீகிளாக இருப்பதற்கான அடையாளங்கள். வளர்த்த விதம் சரியில்லையோ என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். ஒரே ஒரு இடத்தில்தான் கணக்கு பிசகியிருக்கிறது. அவன் காலுக்கு நிறைய வேலை கொடுத்திருக்கிறீர்கள், மூக்குக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை.

தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டமும் பந்துமாகப் பழக்கினால் என்ன ஆகும்? நல்ல ஓட்டக்காரன் தயாராவான். நேற்று அவனைக் களைப்பாக்கிய தூரம் அடுத்த மாதம் அவனுக்குப் போதாது. இன்னும் கொஞ்சம் கூட்டுவீர்கள், அதற்கும் பழகிவிடுவான். இந்தப் பந்தயத்தில் உங்கள் கணவர் ஜெயிக்கப் போவதில்லை. பந்து விஷயமும் இப்படித்தான். முப்பது முறை, நாற்பது முறை விடாமல் வீசினால் அவன் அமைதியாகி வந்து படுக்க மாட்டான், முறுக்கேறிப்போய் வருவான். அந்த முறுக்கு இறங்க இடம் தேடும்போது சோபாவின் கை அகப்படுகிறது.

அவன் எதற்காக உருவாக்கப்பட்டவன் என்று தெரிந்தால் பாதிப் புகார்கள் தாமாகவே விளங்கிவிடும். வேட்டை நாய்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. கண்ணால் பார்த்து விரட்டுகிறவை உண்டு. இரை இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு அசையாமல் நிற்கிறவை உண்டு. சுட்ட பறவையை எடுத்து வந்து கையில் கொடுக்கிறவை உண்டு. பீகிள் மோப்ப வேட்டை நாய். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்த்தெடுத்த இனம். குதிரையில் போகாமல் கால்நடையாக வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற நாய் அது. முயலை விரட்டினால் அது நேராக ஓடி ஊரைவிட்டுப் போய்விடாது. பெரிய வட்டமடித்துத் தன் பழகிய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அந்த வட்டம் முழுவதும் தரையில் கிடக்கும் வாசனையை விடாமல் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்கில், கூட்டமாகப் போவதுதான் பீகிளின் தொழில். நாய்கள் முன்னே போய்விடும், மனிதர்கள் மூச்சு வாங்கப் பின்னால் வருவார்கள். நாய்கள் எங்கே போயின என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் குரல். தடம் கிடைத்ததும் கழுத்தை நீட்டி நீளமாக எழுப்பும் ஓசை பல வயல்களைத் தாண்டிக் கேட்கும். நல்ல குரல் உள்ள நாயைத்தான் இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பல தலைமுறைகளாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த அந்தக் குரலைத்தான் கீழ்வீட்டுக்காரர்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மைதானத்தில் நடந்ததற்கும் இதில் பதில் இருக்கிறது. ஆடு மேய்க்கும் இனங்கள் ஒவ்வொரு நிமிடமும் எஜமானின் முகத்தைப் பார்த்து வேலை செய்யும். மோப்ப வேட்டை நாய் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தால் தடம் தவறிவிடும். முன்னே போய்த் தானே முடிவெடுக்கிற நாய்தான் வேட்டைக்கு உதவும். எனவே நீங்கள் கூப்பிட்டபோது பீமன் உங்களை மதிக்காமல் ஓடினான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு உங்கள் குரல் அந்த நேரத்தில் வெறும் பின்னணிச் சத்தம். நாம் சுவாரசியமான கதையைப் படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் "ம்" என்று மட்டும் சொல்கிறோமே, அதுகூட அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம். வாசனையை அறியும் செல்கள் மனிதனுக்கு 50, 60 லட்சம் என்றால் பீகிளுக்கு 20 கோடிக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முகரும்போது நொடிக்கு ஐந்து முறை போல மூச்சை இழுக்கிறான். வெளியே விடும் மூச்சு மூக்குத் துளையின் பக்கவாட்டில் இருக்கும் கீறல் வழியாகப் போய்விடுவதால், முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. 1950களில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஏக்கர் மைதானத்தில் ஒரு சுண்டெலியை விட்டு, எந்த இன நாய் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தார்கள். பீகிள்கள் ஒரு நிமிடத்துக்குள் பிடித்துவிட்டன. ஃபாக்ஸ் டெரியர்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஸ்காட்டிஷ் டெரியர்கள் கண்டுபிடிக்கவே இல்லை. ஒரு ஏக்கரில் ஒரு சுண்டெலி! உங்கள் சமையலறையில் ஒரு குப்பைத் தொட்டியை ஒளித்துவைத்து இவனிடம் நீங்கள் தப்பிக்கவா போகிறீர்கள்? அழுத்தி மூடிப் பூட்டும் மூடியுள்ள தொட்டி வாங்குங்கள், இல்லையென்றால் கதவுள்ள அலமாரிக்குள் வையுங்கள். அந்த விஷயத்தில் பயிற்சி, கண்டிப்பு எதுவும் செல்லாது.

இப்போது வேலைக்கு வருவோம். முதலில் நடை. காலையில் போகும் முக்கால் மணி நேரத்தில் பாதியை அவனிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு முதுகில் கயிறு மாட்டும் ஹார்னஸ் போட்டு, எட்டு அல்லது பத்து மீட்டர் நீளமுள்ள கயிற்றில், அவன் போகிற பக்கம் உங்கள் கணவர் போகட்டும். ஒரு மரத்தடியில் நான்கு நிமிடம் நின்றால் நான்கு நிமிடம் நிற்கட்டும், இழுக்க வேண்டாம். வெறும் மரமாக நமக்குத் தெரிவது அவனுக்கு நேற்று ராத்திரி யார் யார் வந்து போனார்கள் என்ற விவரம் முழுவதும் எழுதியிருக்கும் பலகை. முதல் நாள் உங்கள் கணவருக்கு எரிச்சலாக இருக்கும், அரை மணி நேரத்தில் இரண்டு தெருகூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். பரவாயில்லை. மூச்சிரைக்க ஓடுகிற நாயால் நன்றாக முகரவும் முடியாது, வாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். மெதுவாகப் போனால்தான் மூக்கு வேலை செய்யும். கழுத்துப் பட்டையில் மட்டும் நீளக் கயிற்றைக் கட்டாதீர்கள். ஓடி வந்து கயிறு முடியும் இடத்தில் கழுத்து வெட்டி இழுபடும். பொத்தானை அமுக்கினால் நீளும் சுருள் கயிறும் வேண்டாம். அது எப்போதும் இழுபட்டே இருப்பதால், இழுத்தால்தான் முன்னே போகலாம் என்று அவனே கற்றுக்கொள்வான்.

அடுத்தது உங்கள் மகளுக்கான வேலை. பந்தைப் பத்து முறையோடு நிறுத்திவிட்டு இதைச் செய்யச் சொல்லுங்கள். பீமனை ஒருவர் பிடித்துக்கொள்ள, அவன் கண்ணெதிரே நான்கைந்து உணவு மணிகளை ஒரு இடத்தில் வைத்துவிட்டு "தேடு" என்று சொல்லி விட வேண்டும். இரண்டு நாள் அப்படி. அப்புறம் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால், மேசைக்கால் ஓரத்தில். அப்புறம் ஏழெட்டு காலி அட்டைப் பெட்டிகளைப் பரப்பி, ஒன்றில் மட்டும். அப்புறம் பழைய துண்டுக்குள் சுருட்டி முடிச்சுப் போட்டு. அதற்கும் பிறகு மொட்டை மாடியில் உணவுத் துண்டு ஒன்றை நூலில் கட்டித் தரையில் வளைந்து வளைந்து இழுத்துப் போய், கடைசியில் ஒரு கைப்பிடி உணவை ஒளித்துவைத்து, அந்தத் தடத்தை அவன் பிடித்துக்கொண்டு போகும்படி. இந்தக் கடைசி ஆட்டத்தில் அவன் வால் நிற்கிற விதத்தைப் பாருங்கள். பீகிளின் வால் நுனி வெள்ளையாக இருக்கும், புல்லுக்குள் நாய் மறைந்தாலும் அந்த வெள்ளை நுனி தெரியும். வீட்டு மாடியிலும் அதே கொடியை அவன் ஏற்றுவான்.

பத்து நிமிட மோப்பம் ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சமம் என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அதை யாரும் தராசில் நிறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் மோப்ப விளையாட்டு நாயின் மனநிலையை மாற்றுகிறது என்பதற்குச் சான்று உண்டு. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டு நாய்களில் ஒரு பகுதிக்கு இரண்டு வாரம் தேடும் விளையாட்டும், மற்றவற்றுக்குக் கூடவே ஒட்டி நடக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். பிறகு, உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். மோப்பம் பழகிய நாய்கள் முன்னைவிட வேகமாக, "இருக்கும்" என்ற நம்பிக்கையோடு போயின. மற்றவற்றில் அந்த மாற்றம் இல்லை. என் கிளினிக்குக்கு வரும் பீகிள்களிடம் நான் பார்ப்பதும் இதுதான். தேடிக் கண்டுபிடித்த நாய் திருப்தியாகப் படுக்கிறது. ஓட மட்டும் செய்த நாய் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்தது என்ன என்று நிற்கிறது.

இவ்வளவு உணவு மணி கொடுத்தால் ஏற்கெனவே குண்டாக இருப்பவன் வெடித்துவிடுவானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எடை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசப் போகிறேன். நன்றாக வளர்ந்த பீகிள் பொதுவாக 9 முதல் 11 கிலோ. எலும்பு பெரியவன் என்றால் 12, 13 வரை ஒப்புக்கொள்ளலாம். 15 என்பது, தினமும் இரண்டு மணி நேரம் ஓடியும் 15 என்பது, கிண்ணத்துக்கு வெளியே எங்கிருந்தோ நிறைய வருகிறது என்பதற்கு அடையாளம். யார் தட்டிலிருந்து வருகிறது என்று நான் கேட்கப் போவதில்லை. வீட்டில் பகல் முழுவதும் யார் அவனோடு இருக்கிறார்கள் என்று யோசித்தால் உங்களுக்கே தெரியும்.

விலா எலும்பின்மேல் கையைத் தட்டையாக வைத்துத் தடவுங்கள். உங்கள் புறங்கையின் எலும்புகளைத் தடவினால் எப்படித் தெரிகிறதோ அப்படி அவன் விலா தெரிய வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். பொதுவாக வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு குறைவது பாதுகாப்பு, அதாவது இவனுக்கு 150 முதல் 300 கிராம். எங்கே நிறுத்துவது, எவ்வளவு உணவு என்பதை உங்கள் மருத்துவர் அவனை நேரில் பார்த்துச் சொல்லட்டும். மூன்று நான்கு மாதம் ஆகும், அவசரப்பட்டுப் பட்டினி போட வேண்டாம். ஒரு நாளுக்கான உணவைக் காலையிலேயே கிராம் கணக்கில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். "ஒரு கப்" என்ற அளவை நம்பாதீர்கள், ஒவ்வொருவர் கையிலும் கப் வேறு. கிண்ணம், மோப்ப விளையாட்டு, பயிற்சி, மாமனாரின் பிரியம் எல்லாம் அந்த ஒரே டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. தனியாக ஏதாவது தின்பண்டம் கொடுப்பதாக இருந்தால் அது அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதையும் டப்பாவிலிருந்து கழிக்க வேண்டும். பசிக்கிறது என்று அவன் பார்க்கிற பார்வைக்கு விழாதீர்கள். பீகிளுக்கு அந்த முகம் பிறவியிலேயே அமைந்தது.

இது அழகுக்காகச் சொல்வது அல்ல. 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்து ஜோடி ஜோடியாக வளர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய ஒன்றே முக்கால் வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பீகிளுக்கு முதுகெலும்புத் தட்டு நழுவும் சிக்கல் வேறு உண்டு, கூடுதல் எடை அதற்கு நல்லதில்லை. தின்பதைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் ஆகியவை நாய்க்கு விஷம். இவற்றில் எதையாவது அவன் தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஊளைக்கு வருகிறேன். முதலில் ஒரு பழைய கைப்பேசியை ஓரமாக நிறுத்தி, நீங்கள் எல்லாரும் வெளியே போனபின் நடப்பதைப் பதிவு செய்யுங்கள். அதைப் பார்க்காமல் யார் சொல்லும் மருந்தும் குருட்டு மருந்து. இரண்டு விதமாக இருக்கலாம். நீங்கள் போனதும் கொஞ்ச நேரம் படுக்கிறான், அப்புறம் எழுந்து சுற்றுகிறான், சோபாவைச் சுவைக்கிறான், வெளியே ஏதோ சத்தம் கேட்டுக் குரல் கொடுக்கிறான், மறுபடி படுக்கிறான் என்றால் அது சலிப்பு. மேலே சொன்ன மோப்ப வேலையை நீங்கள் கிளம்புவதற்கு அரை மணி முன்பு கொடுத்து, கிளம்பும்போது உணவு திணித்த ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக் குரைக்கிறான் என்றால் திரை போடுங்கள்.

ஆனால் கதவு சாத்திய சில நிமிடங்களிலேயே மூச்சிரைத்து, வாயில் எச்சில் வழிய, கதவையே பிராண்டி, உணவைத் தொடாமல், நீங்கள் வரும்வரை ஓயாமல் ஊளையிடுகிறான் என்றால் அது தனிமை பயம். அதுவும் இந்த இனத்துக்கு ஆச்சரியமில்லை, கூட்டத்தோடு வாழவும் வேட்டையாடவும் பிறந்தவன். அப்படி இருந்தால் தனியே விடும் நேரத்தைப் பத்து நொடி, முப்பது நொடி, இரண்டு நிமிடம் என்று மிக மெதுவாக, அவன் கலங்குவதற்கு முன்பே திரும்பி வந்துவிடும்படி, கூட்டிக்கொண்டே போக வேண்டும். அந்த வாரங்களில் முடிந்தவரை முழுத் தனிமை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமனார் வெளியே போகும் நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சிலருக்கு மருந்தும் தேவைப்படும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கீழ்வீட்டுக்காரர்களிடம் நீங்களே போய், "இன்ன முயற்சி நடக்கிறது, எந்த நேரத்தில் குரல் அதிகம் வருகிறது என்று சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். புகார் சொல்கிறவர்கள் பல நேரம் நல்ல கண்காணிப்பாளர்களாக மாறிவிடுவார்கள்.

ஷாக் பட்டை வேண்டாம். சலிப்பில் கத்துகிறவனுக்கு அது வலியைச் சேர்க்கிறது, பயத்தில் கத்துகிறவனுக்கு அது பயம் சரிதான் என்று நிரூபிக்கிறது. வாய் மூடினாலும் உள்ளே இருப்பது அடங்காது, வேறு பக்கம் பீறிடும். குரைத்தால் மூக்குக்கு நேரே எலுமிச்சை வாசனைத் திரவம் பீய்ச்சும் பட்டையை "வலிக்காது" என்று சொல்லி விற்பார்கள். இருபது கோடி செல் உள்ள மூக்கில் அதைப் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பட்டை வாங்கும் காசில் நல்ல ஹார்னஸும் நீளக் கயிறும் வாங்குங்கள்.

கூப்பிட்டால் வருவது பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். சுவரோ வேலியோ இல்லாத இடத்தில் பீகிளைக் கயிறு இல்லாமல் விடாதீர்கள். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும், புதிய தடம் ஒன்று மூக்கில் ஏறினால் பத்தில் சில முறை அவன் போய்விடுவான், அந்தச் சில முறையில் ஒரு சாலை குறுக்கே வந்தால் போதும். வீட்டில் "உட்கார்" சொன்னதும் உட்காருகிறான் என்பதை மைதானத்துக்கு எடுத்துப் போக முடியாது. வீட்டில் அவன் மூக்குக்குப் போட்டி இல்லை. இருந்தாலும் அழைப்புப் பயிற்சி வேண்டும். தினசரி பேச்சில் தேய்ந்து போன அவன் பெயரை விட்டுவிட்டு விசில் ஒன்று வையுங்கள். அந்த விசில் கேட்டு வந்தால் மட்டும் கிடைக்கும், அவனுக்கு உயிரான ஏதாவது ஒரு தின்பண்டம் தனியாக இருக்கட்டும். முதலில் வீட்டுக்குள், பிறகு மாடியில், பிறகு நீளக் கயிற்றில் வெளியே. வந்ததும் பரிசு கொடுத்து மறுபடி முகரப் போக விடுங்கள். வந்தால் விளையாட்டு முடிந்தது, வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று தெரிந்துவிட்டால் எந்த புத்திசாலி நாய் வரும்? இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் திட்டாதீர்கள். அவன் கணக்கில் நீங்கள் திட்டுவது ஓடியதற்கு இல்லை, திரும்பி வந்ததற்கு.

மறுபடி எப்போதாவது தொலைந்தால் எல்லாரும் நாலாபக்கமும் ஓடாதீர்கள். ஒருவர் அவன் புறப்பட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். இருட்டிவிட்டால், உங்கள் கணவர் போட்டிருந்த சட்டையையும் கொஞ்சம் தண்ணீரையும் அங்கே வைத்துவிட்டு வரலாம். மோப்ப வேட்டை நாய்களோடு பழகியவர்கள் காலங்காலமாகச் செய்வது இது. வாசனையைப் பிடித்துப் போனவன் பல நேரம் தன் தடத்தையே பிடித்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவான். கழுத்தில் தொலைபேசி எண் பொறித்த தகடும், தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் இன்னும் இல்லையென்றால் இந்த வாரமே.

கருத்தடை செய்தால் அடங்குவானா? பெண் நாயைத் தேடி ஓடுவதும், அங்கங்கே காலைத் தூக்குவதும் குறையலாம். முயல் தடத்தைத் தேடும் மூக்கும், தனியே இருந்தால் எழும் ஊளையும், சோபாவும் விதையில் இல்லை. வேறு காரணங்களுக்காகச் செய்வதென்றால் செய்யுங்கள், அது உங்கள் மருத்துவரோடு பேச வேண்டிய விஷயம். ஒன்று மட்டும், அதற்குப் பிறகு உடலுக்குத் தேவைப்படும் கலோரி குறையும், பசி கூடும். முதலில் எடை குறையட்டும்.

உடல்நலத்தில் நீங்கள் கண் வைக்க வேண்டியவை சில. தொங்கும் காதுக்குள் காற்று போகாது, அதனால் வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த நாற்றம், கறுத்த அழுக்கு, அடிக்கடி தலையை உதறுவது இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட வேண்டாம். புதரில் தலையை நுழைத்து வருகிறவன் என்பதால் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காது விளிம்பு, அக்குள், விரலிடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை வயதுக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளம் பீகிள்களுக்கு மூளை உறையில் ஒருவித அழற்சி வருவது உண்டு. ஒரு நாள் திடீரென்று காய்ச்சலோடு, கழுத்தைக் குனிய முடியாமல், கிண்ணத்தின் முன்னால் நின்றுகொண்டே சாப்பிட மறுத்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். சாப்பிட மறுக்கும் பீகிள் எப்போதுமே அவசர கேஸ்தான். வலிப்பும் இந்த இனத்தில் கொஞ்சம் அதிகம். வந்தால் வாயில் கை வைக்காமல், சுற்றியிருக்கும் பொருள்களை விலக்கிவிட்டு நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

கடைசியாக, தோட்டம் உள்ள வீடு. மாமனார் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் தோட்டம் என்பது பீகிளுக்குக் கூரையில்லாத இன்னொரு அறை. அதன் வாசனைகளை மூன்று நாளில் படித்து முடித்துவிடுவான், நான்காம் நாள் வேலிக்கு அடியில் தோண்ட ஆரம்பிப்பான். தோட்டத்தில் தனியாகக் கட்டிப் போட்ட பீகிளின் ஊளை ஒரு வீட்டுக்கு அல்ல, தெருவுக்கே கேட்கும். மூன்றாம் மாடியில், அவனோடு தேடும் விளையாட்டு விளையாட ஒரு சிறுமியும், நாள் முழுக்கப் பக்கத்தில் ஒரு பெரியவரும் இருக்கிற வீடு அவனுக்கு எவ்வளவோ மேல். இரண்டு மாதம் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் தாங்க முடியவில்லை என்றால் கொடுப்பதில் பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் இந்த இனத்தைத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

தின்னும் ஆசையே அவனுக்கு வேலை வாங்கித் தந்ததும் உண்டு. 1984இல் அமெரிக்க வேளாண் துறை லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளில் ஒளித்துக் கொண்டுவரும் பழங்களையும் இறைச்சியையும் கண்டுபிடிக்க நாய்களைத் தேடியபோது, பீகிளைத்தான் எடுத்தார்கள். உருவம் சிறியது, கூட்டத்தில் யாரும் பயப்பட மாட்டார்கள், ஒரு துண்டுத் தின்பண்டத்துக்காக நாள் முழுக்க முகரும். பையில் வாசனை வந்தால் அந்த நாய் குரைக்காது, பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்துவிடும். உங்கள் பீமனுக்கும் "உட்கார்" தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனவே மாமனாரிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். தட்டிலிருந்து கொடுப்பதை நிறுத்தச் சொன்னால் அவருக்கு மனசு வராது, எனக்குத் தெரியும், என் வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்தார். அதனால் காலையில் நிறுத்து வைத்த அந்த டப்பாவை அவரிடமே கொடுத்துவிடுங்கள். எதை எங்கே ஒளித்து வைப்பது என்பது இனிமேல் அவர் பொறுப்பு.